பாண்டியன் யாரை வணங்கினான்?

தென்காசியில் ஒரு பகல்

"தென்காசிக்குப் போயிருக்கிறீர்களா?" என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். "ஓ, போயிருக்கிறோமே! குற்றாலத்துக்குப் போகிற வழியில் இருக்கிற ஊர்தானே?" என்றுதான் பத்துப் பேரில் ஒன்பது பேர் பதில் சொல்வார்கள்.

நானும் அந்த ஒன்பது பேரைச் சேர்ந்தவன்தான். ஆனி பிறந்து, குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டது என்று பத்திரிகையில் நாலு வரி வந்தால் போதும். எண்ணெய்ப் புட்டியும் துண்டுமாகக் கிளம்பிவிடுவேன். தென்காசி ரயிலடியில் இறங்குவது, வண்டி பிடிப்பது, நேரே அருவிக்கு ஓடுவது - இதுதான் வழக்கம். வழியில் வானை முட்டும் கோபுரம் ஒன்று தெரியும். வண்டியில் இருந்தபடியே கன்னத்தில் போட்டுக்கொள்வேன். அதோடு தென்காசிக்கும் எனக்கும் உள்ள கணக்குத் தீர்ந்தது.

இந்த முறை அந்தக் கணக்கு அவ்வளவு எளிதில் தீரவில்லை. மனைவியோடும் பத்து வயது மகனோடும் போயிருந்தேன். முதல் நாள் இரவு மலைமேல் பெய்த மழையில் அருவியில் வெள்ளம் புரண்டு விழுந்தது. செந்நிறத் தண்ணீர், கரையில் காவலர்கள். "இன்றைக்கு யாரும் குளிக்கக் கூடாது" என்று தடுத்துவிட்டார்கள். வந்த கூட்டம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பியது. பையன் அழாத குறை. பகல் பொழுதை எப்படியாவது போக்க வேண்டுமே என்று, ஆறு கிலோமீட்டருக்குள் இருக்கும் தென்காசிக்கு வந்தோம். அருவி செய்த உபகாரம் என்றுதான் அதை இப்போது சொல்ல வேண்டும்.

மலையடிவாரத்தில் ஒரு ராஜதானி

ஊரின் மேற்கே திரும்பிப் பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை மதில் கட்டினாற்போல நிற்கிறது. அதன் உச்சியில் மேகங்கள் தங்கி நிற்கின்றன. நெல்லைச் சீமையின் மற்ற பகுதிகள் ஆனி, ஆடி வெயிலில் காய்ந்து கிடக்கும்போது, இங்கே மட்டும் பன்னீர் தெளித்தாற்போலச் சாரல் விழுகிறது. காரணம் என்ன? அந்த மதிலில் ஓர் இடைவெளி இருக்கிறது. செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாய். மலையாள தேசத்தை நனைக்கும் தென்மேற்குப் பருவக் காற்று அந்த வாசல் வழியாக இந்தப் பக்கமும் எட்டிப் பார்க்கிறது. குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு ஊரை ஒட்டி ஓடி, கிழக்கே வெகு தூரம் போய்த் தாமிரவருணியோடு கலக்கிறது.

இப்படி ஓர் இடத்துக்குப் பாண்டியர்கள் வந்தது சாரலை அனுபவிப்பதற்காக அல்ல. அவர்கள் வந்த கதை சோகமான கதை.

1311இல் மாலிக் கபூரின் படை மதுரையில் புகுந்தது. அண்ணன் தம்பிச் சண்டையால் ஏற்கெனவே பிளந்து கிடந்த பாண்டிய அரசு ஆட்டம் கண்டது. பிறகு மதுரையில் சுல்தான்கள் ஆண்டார்கள். அவர்களை வென்று விஜயநகரத்தார் வந்தார்கள். சங்கம் வளர்த்த மதுரை, பாண்டியர் கையை விட்டுப் போயே போய்விட்டது. மீன்கொடி பிடித்தவர்கள் தெற்கே நகர்ந்து நெல்லைச் சீமையில் ஒதுங்கினார்கள். அந்த வழியில் வந்த அரசன்தான் அரிகேசரி பராக்கிரம பாண்டியன். அவன் அரியணை ஏறியது 1422இல்.

பெரிய ராஜ்யத்தை இழந்த வம்சத்தில் பிறந்தவன் என்ன செய்வான்? பழம் பெருமை பேசிப் பொழுதைக் கழித்திருக்கலாம். இவன் கோயில் கட்டினான்.

கனவில் வந்த கட்டளை

ஊரார் சொல்லும் கதை சுவையானது. பாண்டியனுக்குக் காசிக்குப் போய் விசுவநாதரைத் தரிசிக்க வேண்டும் என்று தீராத ஆசை. ஒரு நாள் இறைவன் கனவில் வந்து, "நீ அவ்வளவு தூரம் வர வேண்டாம். எறும்புகள் சாரை சாரையாகப் போகும். அவற்றின் பின்னாலேயே போ. அவை முடியும் இடத்தில் நான் இருக்கிறேன்" என்றாராம். அப்படியே போனான். சிற்றாற்றங்கரையில், செண்பக வனத்தில், லிங்கம் இருந்தது. கோயில் எழுந்தது. தெற்கே உள்ள காசி, தென்காசி.

கல்வெட்டும் கனவைத்தான் சொல்கிறது. ஆனால் அதில் எறும்பு இல்லை. வேறொரு விஷயம் இருக்கிறது. வடகாசியில் உள்ள தம் கோயில் பழுதுபட்டுக் கிடப்பதால், சிற்றாற்றின் வடகரையில் தென்காசியில் தமக்கு ஒரு கோயில் எடுக்கும்படி விசுவநாதர் கனவில் கட்டளையிட்டார் என்கிறது அது.

இதைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஒரு கோயில் இடிந்தது என்ற செய்தியில்தான் இந்தக் கோயிலே பிறந்திருக்கிறது! கல்லும் அழியும், கோபுரமும் விழும் என்பது பாண்டியனுக்கு முதல் நாளே தெரிந்திருந்தது. இந்த விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1446இல் திருப்பணி தொடங்கியது. 1457இல் ராஜகோபுர வேலையை ஆரம்பித்தான். 1463இல் அவன் காலமானபோது கோபுரம் முடிந்திருக்கவில்லை. அவனுக்குப் பின் வந்த குலசேகர பாண்டியன் அதை முடித்தான். ஆக, தான் ஆசையோடு தொடங்கிய கோபுரத்தின் கலசத்தைப் பராக்கிரம பாண்டியன் கண்ணால் பார்க்கவே இல்லை.

காற்று கட்டியம் கூறும் வாசல்

கிழக்கு நோக்கிய கோயில். இன்று நிற்கும் ராஜகோபுரம் ஒன்பது நிலை; உயரம் ஏறக்குறைய 180 அடி. அடியில் நின்று கலசத்தைப் பார்க்க வேண்டுமானால் தலைப்பாகை விழுந்துவிடும்!

கோபுர வாசலில் ஒரு வேடிக்கை இருக்கிறது. உள்ளே காலடி வைத்ததும் காற்று முகத்தில் மோதுகிறது, "யாரது?" என்று தடுக்கிற மாதிரி. இன்னும் சில அடி நடந்தால், அதே காற்று முதுகுப் பக்கம் வந்து, "உள்ளே போங்கள்" என்று தள்ளுகிற மாதிரி இருக்கிறது. கணவாய் வழியாக வருகிற மேல்காற்று, இந்த உயர்ந்த வாசலில் புகுந்து மதில்களில் மோதிச் சுழன்று செய்கிற விளையாட்டு இது. ஆனி, ஆடியில் போனால்தான் இதன் முழுச் சுகமும் தெரியும். மனைவி புடவைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். பையன் அருவியை மறந்துவிட்டான். வெளியே ஓடுவதும் உள்ளே ஓடி வருவதுமாக நாலைந்து தடவை காற்றோடு விளையாடினான்.

உள்ளே காசி விசுவநாதர். அம்பிகைக்கு உலகம்மன் என்று பெயர். மதுரையை இழந்து ஒதுங்கி வந்த அரசனின் ஊரில், தாய்க்குப் பெயர் மட்டும் உலகம்மன். ராஜ்யம் சுருங்கினாலும் மனம் சுருங்கவில்லை என்று நான் எண்ணிக்கொண்டேன்.

கல்லில் நின்றவர்கள்

சந்நிதிக்கு முன்னே திருவோலக்க மண்டபம். இதற்காகவே ஒரு தனிப் பயணம் வரலாம். தூணும் சிலையும் ஒரே கல்லாக, ஆளைவிட உயரமாக நிற்கிறார்கள். வாளேந்தி உக்கிரமாகப் பாயும் வீரபத்திரர்கள், தாண்டவமாடும் சிவன், காளி, திருமால், ரதி, மன்மதன், தமிழணங்குகள் என்று ஊரார் அழைக்கும் இரண்டு பாவைகள். வீரபத்திரர் முகத்தில் கோபம் கொப்பளிக்கிறது. நாலடி தள்ளி நிற்கும் அணங்கின் இதழில் குறுநகை மலர்கிறது. இரண்டையும் ஒரே வகைக் கருங்கல்லில், ஒரே உளியால் அல்லவா செய்திருக்கிறார்கள்! சங்கிலிக் கண்ணிகளையும் நகைகளின் வேலைப்பாட்டையும் பார்த்தால், தட்டான் பட்டறையிலிருந்து எடுத்து வந்து பூட்டினார்களோ என்று தோன்றுகிறது.

நான் இப்படி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அந்தச் சங்கடம் நேர்ந்தது.

"ஏ தம்பி! அங்கே என்ன பண்ணுதே?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

திரும்பினேன். என் அருமை மகன், கையில் ஒரு நாணயத்தை வைத்துக்கொண்டு தூணின் அடிப்பீடத்தில் தன் பெயரைக் கீறிக்கொண்டிருந்தான்! முதல் எழுத்து முடிந்து இரண்டாம் எழுத்துக்கு வந்திருந்தான். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அடிக்கக் கை ஓங்கினேன்.

"வேண்டாம் ஸார், கோவிச்சுக்கிடாதீங்க. பச்சப்பிள்ளைக்கு என்ன தெரியும்?" என்று தடுத்தார் குரலுக்கு உரியவர். எண்பதை நெருங்கும் வயது, நெற்றியில் திருநீறு, தோளில் ஈரத் துண்டு. ஜவுளிக்கடையில் கணக்கு எழுதி ஓய்ந்தவராம். தினமும் இங்கே வந்து உட்காருவது வழக்கமாம். பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

மொட்டைக் கோபுரம்

"நீ பாத்தியே, அந்தப் பெரிய கோபுரம், அது எப்பம் கட்டினதுன்னு நெனைக்கே?" என்று கேட்டார்.

"ராஜா காலத்திலே" என்றான் பையன்.

"ராஜா கட்டினது வேற. அது உடைஞ்சு போச்சு. நான் உன்னை மாதிரி இருக்கையிலே இங்கே கோபுரமே கெடையாது. மொட்டைக் கோபுரம்னுதான் பேரு. நடுவிலே பிளந்து ரெண்டு துண்டா நிக்கும். மேலே செடியும் கொடியும் மொளைச்சுக் கெடக்கும். எங்க அப்பா பாத்ததும் அதுதான். எங்க தாத்தா பாத்ததும் அதுதான். கோபுரம் இல்லாத வாசல் வழியாத்தான் நாங்க எல்லாம் சாமி கும்பிட வந்தோம்."

ஆம். பாண்டியர் எடுத்த கோபுரம் தீயினாலும் காலத்தினாலும் சிதைந்து, பல தலைமுறைகள் அப்படியே நின்றது. 1980களில்தான் விடிவு வந்தது. பத்திரிகை அதிபர் பா. சிவந்தி ஆதித்தன் முன்னின்று திருப்பணியை நடத்த, ஒன்பது நிலைக் கோபுரம் புதிதாக எழும்பியது. 1990 ஜூன் மாதம் குடமுழுக்கு நடந்தது.

"கோபுரம் வளர வளர, வேலைக்குப் போகையிலே ஒரு தடவை, வருகையிலே ஒரு தடவை எண்ணிப் பாப்போம். இன்னைக்கு மூணு நிலை, இன்னைக்கு நாலு நிலைன்னு. கலசம் ஏறின அன்னைக்கு எங்க அம்மா அழுதுட்டா. 'உங்க அப்பா பாக்கலையே'ன்னா" என்றார் பெரியவர். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

அரசன் செய்த விண்ணப்பம்

பிறகு அவர் சொன்னதுதான் நான் ஊருக்கு எடுத்து வந்த பொருள்.

பராக்கிரம பாண்டியன் தமிழ் அறிந்தவன். கோயில் கட்டியதைப் பற்றிய பாடல்கள் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பொதுவாக அரசர்கள் கல்லில் என்ன எழுதுவார்கள்? இத்தனை நாடு வென்றேன், இத்தனை பேர் என் காலில் விழுந்தார்கள் என்பார்கள். அறத்துக்குக் கேடு செய்பவன் கங்கைக் கரையில் பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று சாபமும் சேர்ப்பார்கள். இவனோ ஒரு விண்ணப்பம் எழுதி வைத்தான். அதன் கருத்து இதுதான்: இந்தக் கோயிலுக்கு எந்தக் காரணத்தாலாவது பின்னாளில் குறை நேரலாம், அப்படி நேர்ந்தால் அதைச் செப்பனிட்டுக் காப்பவர் யாராக இருந்தாலும், அவர்கள் அடியில் நான் இப்போதே விழுந்து வணங்குகிறேன்.

முடிசூடிய மன்னன்! இன்னும் பிறக்காத ஒருவர் காலில் விழுகிறான்! அவர் எந்த ஊரோ, எந்தக் குலமோ, பணக்காரரோ கூலிக்காரரோ, எதையும் கேட்கவில்லை. காப்பாற்றுவாரா என்பது ஒன்றுதான் கேள்வி. மதுரையை இழந்த வம்சத்தில் பிறந்து, வடகாசிக் கோயில் பழுதான செய்தியைக் கல்லிலேயே எழுதியவனுக்கு, தன் கோயில் மட்டும் என்றும் நிலைக்கும் என்ற மயக்கம் இல்லை. ஆகவே சாபத்தை நம்பவில்லை, மனிதர்களை நம்பினான். ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் சென்று அந்த விண்ணப்பத்துக்குப் பதில் கிடைத்தது. 

"தெரியுதா தம்பி?" என்றார் பெரியவர். "கோபுரத்தைக் கட்டினவங்களை மட்டும் ராஜா கும்பிடலே. காப்பாத்துற எல்லாத்தையும் கும்பிட்டிருக்கார். நீ இந்தத் தூணைக் கீறாம விட்டேன்னா, உன்னையும் கும்பிட்ட மாதிரிதான். கீறினேன்னா, அந்தக் கும்பிடு உனக்குக் கெடையாது."

பையன் நாணயத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். நான் ஓங்கிய கை செய்ய முடியாததை அந்த இரண்டு வாக்கியங்கள் செய்துவிட்டன.

பாட்டுப் பாடிய அரசர்கள்

தென்காசிப் பாண்டியர்களின் வாள் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை, எழுத்தாணி சாதித்தது. பதினாறாம் நூற்றாண்டில் இங்கே ஆண்ட அதிவீரராம பாண்டியனை உங்களுக்குத் தெரியும். பெயர் நினைவில்லாவிட்டாலும், பிச்சை எடுத்தாவது படி என்ற அவனுடைய புத்திமதியைப் பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போட்டிருப்பீர்கள். 'வெற்றிவேற்கை' அவன் செய்ததுதான். நளன் கதையைப் பாடும் 'நைடத'மும் அவனுடையதே. 'நைடதம் புலவர்க்கு ஔடதம்' என்று தமிழ் உலகம் அதற்கு நற்சாட்சிப் பத்திரம் கொடுத்துவிட்டது. 'காசி காண்டம்' பாடியவனும் அவனே. வடகாசியின் பெருமையைத் தென்காசி அரசன் தமிழில் பாடியது எவ்வளவு பொருத்தம்! அவனோடு இணைத்துப் பேசப்படும் வரதுங்கராம பாண்டியனும் புலவன்; 'பிரமோத்தர காண்டம்' அவன் படைப்பு. மதுரையை இழந்த பாண்டியர் மதுரைத் தமிழை இழக்கவில்லை.

சுற்றிலும் இருப்பவை

மாலையில் சுற்றுப்புறத்தையும் பார்த்தோம். குற்றாலம் போகும் வழிப் பக்கமே இலஞ்சி. வயல்களுக்கு நடுவே குமாரர் கோயில். நாற்று நட்ட வயலில் மலையின் நிழல் விழுந்து கிடக்கிறது. வடமேற்கே பண்பொழியில் குன்றின்மேல் திருமலைக் குமாரசுவாமி. மேலே நின்று பார்த்தால் தென்னந்தோப்பும் குளமும் வயலும் பாய் விரித்தாற்போலத் தெரிகின்றன.

மேற்கே செங்கோட்டை. 1956 நவம்பர் முதல் நாள் வரை திருவிதாங்கூரையும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியையும் சேர்ந்திருந்த ஊர். வாஞ்சிநாதன் பிறந்த மண். 1911இல் மணியாச்சி ரயிலடியில் கலெக்டர் ஆஷைச் சுட்டு, தன் உயிரையும் மாய்த்துக்கொண்டவன் அவன். அங்கிருந்து மலையைக் குடைந்து கொல்லம் போகும் ரயில் பாதை 1904இல் திறக்கப்பட்டது. வழியில் பதின்மூன்று கண் பாலம் கண்ணுக்கு விருந்து. சின்ன ரயில் ஓடிய பாதை அகலப்பாதையாகி, 2018 முதல் பெரிய ரயில் ஓடுகிறது.

குற்றாலத்திலும் அருவி ஒன்றுதான் என்று நினைக்காதீர்கள். சங்கு வடிவில் அமைந்த குற்றாலநாதர் கோயில் இருக்கிறது. ஐந்து சபைகளில் ஒன்றான சித்திர சபை இருக்கிறது. அங்கே ஆடவல்லான் ஓவியமாக ஆடுகிறான். கம்பனை நாடெங்கும் ருசிக்கச் செய்த ரசிகமணி டி.கே.சி. தம் கடைசி நாட்களைக் கழித்து, 1954இல் மறைந்ததும் இந்த அருவிக் கரையில்தான். சீசன் நாட்களில் கடைகளில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்திருக்கும். வாங்கிச் சாப்பிட மறக்காதீர்கள்.

மறுநாள்

மறுநாள் காலை வெள்ளம் வடிந்தது. ஆசை தீரக் குளித்தோம். 2019இல் தென்காசி தனி மாவட்டத்தின் தலைநகராகிவிட்டதால், ஊருக்கு நெரிசலும் அந்தஸ்தும் ஒருங்கே கூடியிருக்கின்றன. கடைவீதி நெரிசலைக் கடந்து மாலையில் ரயிலடிக்கு வந்தோம். வண்டி நகர்ந்தது. மலைக்கு முன்னே கோபுரம், கோபுரத்துக்குப் பின்னே மேகம்.

பையன் ஜன்னல் ஓரத்தில் இருந்தான். நான் பழக்க தோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"அப்பா, நான் ஒரு எழுத்துக் கீறிட்டேனே. அந்த ராஜா என்னைக் கும்பிட்டிருப்பாரா?" என்று கேட்டான்.

சட்டென்று பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இனிமேல் நீ எப்படி நடந்துகொள்கிறாய் என்பதைப் பொறுத்தது" என்றேன். அது அவனுக்கு மட்டும் சொன்ன பதில் அல்ல. ஒவ்வொரு ஊரிலும் ஒரு பழங்கோயில், ஒரு குளம், ஒரு மண்டபம் நம் கையை எதிர்பார்த்துக் கிடக்கிறது. கட்டியவர்கள் எல்லாரும் கல்லில் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்த சாரலுக்கு நீங்களும் குற்றாலம் போவீர்கள். போகிற வழியில் அரை நாள் தென்காசியில் இறங்குங்கள். வாசலில் காற்று முதலில் தடுக்கும். தயங்காமல் உள்ளே போங்கள். முகம் தெரியாத உங்களுக்கும் ஓர் அரசன் அங்கே வணக்கம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அதைப் பெற்றுக்கொள்ளும் தகுதியோடு திரும்பி வாருங்கள்.